வேளாவுக்குக் கண்ணீர் அஞ்சலி

கடலுயிர் மதிப்பீட்டு வாரியத்தில் ஓர் இனம் அழிந்துவிட்டதாக அறிவிக்கும் நாள் வியாழக்கிழமை. சில வாரங்களில் இரண்டு, மூன்று இனங்கள்கூட வரும். தலைவர் அருமைநாயகம் எழுந்து நிற்பார். மற்றவர்களும் நிற்பார்கள். இனத்தின் பெயரையும் அது கடைசியாகத் தென்பட்ட இடத்தையும் வாசித்துவிட்டு அவர் உட்காருவார். பிறகு உளுந்துவடை வரும். வடை ஆறிவிடும் என்பதால் யாரும் அதிகம் பேசுவதில்லை.

வாரியத்தின் கட்டடம் தூத்துக்குடியின் பழைய கடற்கரைச் சாலைக்கு மேல் கான்கிரீட் தூண்களில் நின்றது. சாலை தண்ணீருக்குள் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஊழியர்கள் படகுப் பேருந்தில் வருவார்கள். கூரை ஒழுகும். மின்விசிறிகளில் பாதி சுற்றாது. எதிர்ப்புறம், ஒரு நடைபாலம் தள்ளி, மீட்டுயிர்ப்புத் துறையின் கண்ணாடிக் கட்டடம் இருந்தது. அழிந்த இனங்களைச் சேமித்து வைத்த மரபணுவிலிருந்து மறுபடி உண்டாக்கும் துறை அது. அங்கே கூரை ஒழுகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். அமைச்சர்கள் வந்தார்கள். வாரியத்துக்கு எந்த அமைச்சரும் வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

இன்னாசி வாரியத்தில் மதிப்பீட்டாளன். முப்பத்து மூன்று வயது. கடலியல் படித்தவன். கடலுயிர் இனங்களை ஐந்து நிலைகளில் ஒன்றில் வைப்பது அவன் வேலை: கவலையில்லை, கவனிக்க, கவலை, விளிம்பு, மறைவு. எண்ணிக்கை அவனுக்கு முக்குளிகளிடமிருந்து வரும். முக்குளி என்பது கடலடியில் நீந்தி உயிர்களை எண்ணும் எந்திரம். ஆளுயரம் இருக்கும், சத்தம் போடாது. அது பார்ப்பதை மதிப்பீட்டாளனின் காதுக்குப் பின்னால் பதித்த செவிச்சில்லில் சொல்லும். அவற்றுக்குப் பேச்சுப் பழக்கியவர்கள் துறைமுகத் தொழிலாளர்களின் உரையாடல்களை ஊட்டியிருந்தார்கள். அதனால் முக்குளிகள் துறைமுகத்தைப் போலவே பேசின.

“அண்ணாச்சி, பள்ளத்துல நிக்கேன்,” என்றது முக்குளி ஒரு திங்கள்கிழமை. “மூணும் இருக்கு. பொம்பளைக்கு வயிறு தெரிய ஆரம்பிச்சிட்டு.”

“சுரண்டி எங்க?”

“சத்தம் கேக்குது. வெளிச்சம் இன்னும் தெரியல.”

அந்த மூன்றும் வேளா மீன்கள். முகத்துக்கு முன்னால் ரம்பம்போல ஒரு நீண்ட கொம்பும் அதன் இரு ஓரங்களிலும் பற்களும் கொண்டவை. ஒரு காலத்தில் இந்தக் கரையெங்கும் இருந்தன. வலையில் கொம்பு சிக்கினால் விடுபடத் தெரியாது என்பதால் மற்ற மீன்களுக்கு முன்னால் அவை தீர்ந்தன. உலகில் மிச்சமிருந்தவை தீவுகளுக்கு அப்பால் ஒரு சேற்றுப் பள்ளத்தில் இருந்த இந்த மூன்றுதான். கடலடிச் சுரண்டி அந்தப் பள்ளத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. கப்பல் அளவு எந்திரம் அது. சேற்றை உறிஞ்சி உலோகத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் துப்பும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தொடங்குவதற்குள் பள்ளத்தை முடித்துவிட வேண்டும் என்பது அதன் திட்டம்.

இன்னாசி தலைவரின் அறைக்குப் போனான். அருமைநாயகம் ஒழுகும் இடத்தில் வாளியை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

“சார், பள்ளத்த ஒதுக்கித் தரச் சொல்லி மறுபடி எழுதியிருந்தேன்.”

“பாத்தேன். வேளா உயிரோட இருக்குன்னு நீரே எழுதியிருக்கீரே.”

“மூணு இருக்கு. ஒண்ணு சினை.”

“அப்புறம் என்னவே? இருக்கிறதுக்கு எவன் இடம் ஒதுக்குவான்? விளிம்புன்னு போட்டாச்சு. அறிவிப்புப் பலகை வேணும்னா ஒண்ணு வைக்கலாம். அதுக்கும் பெயின்ட் இல்ல.”

“சுரண்டி வந்தா ஒண்ணும் மிஞ்சாது சார்.”

“துடுப்பு இருக்குல்லா? ஓடிப் போவும்.”

“வேற சேறு எங்கயும் இல்ல.”

அருமைநாயகம் வாளியைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தது. “அழிஞ்சிருந்தா சட்டம் இருக்கு,” என்றார். “கடைசியா பாத்த எடத்த மீட்டுயிர்ப்புக்காரன் வேலி போட்டு வச்சிருவான். திரும்பி வர்றதுக்கு வீடு வேணும்பான். ஒரு பய உள்ள போக முடியாது. உம்ம வேளாதான் அழிய மாட்டேங்குதே.”

அவர் சலிப்பில்தான் சொன்னார். இன்னாசி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான்.

அவன் மனைவி ஸ்டெல்லா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். மாற்று நுரையீரலுக்கு வரிசையில் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்த எட்டு மாதத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் சிலர்தான். அவர்களும் வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார்கள். அவள் இறந்த அன்று தெரு கொள்ளவில்லை. மஸ்கட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் உறவினர்கள் ஒளியுருவமாக வந்து கூடத்தில் நின்றார்கள். ஒளியுருவங்கள் நெருக்கத்தில் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தன. தெருமுனையில் இரண்டு மாடி உயரத்துக்கு யாரோ கண்ணீர் அஞ்சலிப் பலகை வைத்தார்கள். அவள் பெயரில் ஓர் உதவித்தொகை அறிவித்தார்கள். அவளுக்கு என்னென்ன பிடிக்கும் என்று ஒரு பெரியம்மா அழுதுகொண்டே கேட்டாள். இன்னாசி குளிர்பெட்டியின் பக்கத்தில் நின்று பதில் சொன்னான். அப்போது அவனுக்கு எதுவும் தோன்றவில்லை.

இப்போது தோன்றியது.

தொடர்ந்து மூன்று தேடலில் ஓர் உயிர்கூட அகப்படாவிட்டால் அந்த இனம் மறைவு. எங்கே தேடுவது என்பதை மதிப்பீட்டாளன்தான் முடிவு செய்வான். இன்னாசி முதல் தேடலுக்கு வடக்கே பாறைத்திட்டைக் குறித்தான். வேளா பாறைக்குப் போகாது.

“அண்ணாச்சி, இங்க பாறைல்லா கெடக்கு,” என்றது முக்குளி.

“தெரியும். தேடு.”

“மரத்துல ஏறித் தேடுன மாதிரி இருக்கு.”

“தேடுல.”

தேடியது. இல்லை என்றது. இரண்டாவது தேடல் அனல்மின் நிலையத்தின் வெந்நீர்க் கால்வாயில். மூன்றாவது, துறைமுகத்தின் கப்பல் துடைக்கும் தொட்டியில். அங்கே எண்ணெயைத் தவிர எதுவும் இல்லை.

“பள்ளத்துக்கு மட்டும் போகச் சொல்லலியே,” என்றது முக்குளி.

“சொல்லல.”

“ஏன்னு கேக்கட்டா?”

“கேக்காத.”

“சரி. நான் பொய் சொல்ல மாட்டேன், அண்ணாச்சி. கேக்காததச் சொல்லவும் மாட்டேன்.”

“அது போதும்.”

அடுத்த வியாழக்கிழமை அருமைநாயகம் எழுந்து நின்றார். வேளா என்று வாசித்தார். கடைசியாகத் தென்பட்ட இடம், தீவுகளுக்கு அப்பால் உள்ள சேற்றுப் பள்ளம் என்று வாசித்தார். வாசித்து முடித்ததும் கண்ணாடிக்கு மேலாக இன்னாசியை ஒருமுறை பார்த்தார். கடைசியாகத் தென்பட்ட இடத்தில் ஏன் தேடவில்லை என்று அவர் கேட்டிருக்கலாம். வேறு யாராவதும் கேட்டிருக்கலாம். வடை வந்துவிட்டது.

சங்கோ புழுவோ என்றால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். வேளாவுக்குக் கொம்பு இருந்தது. படத்தில் எடுபட்டது. அன்று மாலைக்குள் நகரம் முழுவதும் பலகைகள் எழுந்தன. ‘எங்களை விட்டுப் பிரிந்த கடலின் வாள்வீரனே’ என்றது ஒன்று. ‘ஆழ்ந்த இரங்கலுடன், படகுப் பேருந்து ஓட்டுநர் சங்கம்’ என்றது இன்னொன்று. பாதிப் பலகைகளில் வேளாவுக்குப் பதில் மயில்மீனின் படம் இருந்தது. பிள்ளைகள் பிளாஸ்டிக் கொம்பை மூக்கில் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். நடைபாலத்துக்கு வேளாவின் பெயர் வைக்கப்பட்டது. அமைச்சர் வந்தார். தன் இளமையில் வேளாக்களோடு நீந்தியதாகச் சொல்லி அழுதார். அவர் பிறந்தது ஊட்டியில்.

அதற்கடுத்த நாள் பள்ளத்தைச் சுற்றி மஞ்சள் மிதவைகள் கட்டப்பட்டன. உள்ளே நுழைந்தால் சிறை என்று அவை பதினான்கு மொழிகளில் ஒலித்தன. சுரண்டி நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பியது.

“போயிட்டு அண்ணாச்சி,” என்றது முக்குளி. “சத்தமே இல்ல. மூணும் சேத்துல படுத்துக் கெடக்கு. பொம்பள நல்லா சாப்பிடுது.”

அன்று இன்னாசி வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துச் சாப்பிட்டான். வெகு நாட்களாக அவன் வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. ஸ்டெல்லாவின் நாற்காலியில் கிடந்த துணிகளை மடித்து வைத்தான். திட்டத்தில் ஓட்டை இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தான். மீட்டுயிர்ப்புத் துறை ஓர் இனத்தைத் திரும்ப உண்டாக்க இருபது வருடம்கூட எடுத்துக்கொள்ளும். அதற்குள் குட்டிகள் பிறந்து, அவையும் குட்டி போடும். பிறகு நடப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் வேளாவுக்கு மவுசு அதிகம். அமைச்சர் அழுதிருக்கிறார். வேலையை முடுக்கிவிட்டார்கள். நான்காவது மாதம் எதிர்க் கட்டடத்திலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது.

டாக்டர் உமையாள் மீட்டுயிர்ப்புத் துறையின் இயக்குநர். காரைக்குடிப் பக்கம். யாரையும் கடிந்து பேசாதவர் என்று பெயர் எடுத்தவர்.

“வாங்க சார். காபி சாப்பிடுங்க முதல்ல. ஒரு சின்ன விஷயம், உங்க கண்ணால ஒரு தடவ பாத்துச் சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது.”

அவர் அவனை ஒரு தொட்டியின் முன்னால் கூட்டிப்போனார். உள்ளே மூன்று வேளாக்கள் இருந்தன. பெரியது அடியில் படுத்திருந்தது. இன்னாசி கண்ணாடியைத் தொட்டான். அவற்றை அவன் நேரில் பார்ப்பது அதுவே முதல்முறை.

“எங்க குஞ்சுகள விடறதுக்கு முன்னாடி பள்ளத்தச் சுத்தம் பண்ணப் போனோம். உள்ள இது மூணும். கள்ளப்பிரதிங்க. இப்ப இது பெரிய தொழிலாப் போச்சு. அழிஞ்ச மீனத் திருட்டுத்தனமாப் பண்ணி ஓட்டலுக்கு விக்கிறாங்க. ஆனா இது என்ன வேலைப்பாடு, பாருங்க! பிரமிச்சுட்டேன்.”

“இது பிரதி இல்ல மேடம்.”

“மரபணு நூத்துக்கு நூறு ஒத்துப்போகுது, சார். எங்க மரபணு மாதிரியத் திருடினாதான் அப்படி வரும். நாங்க பண்ணினதே தொண்ணூத்தாறுதான்.”

“உயிர் மீன்னா நூறுதான் இருக்கும்.”

“உயிரோட இருந்திருந்தா மறைவுன்னு நீங்க ஒப்பம் போட்டிருக்க மாட்டீங்களே.”

இன்னாசி காபியைக் கீழே வைத்தான். “பொய்யாத்தான் போட்டேன். இருக்கிற எடத்துல நான் தேடவே இல்ல. சுரண்டிய நிறுத்த வேற வழி தெரியல.”

 உமையாளின் முகம் மென்மையானது. அந்த மென்மையைக் கண்டதும் இன்னாசிக்குத் தெரிந்துவிட்டது, இனி எதுவும் நடக்காது என்று.

“உங்க மிஸஸ் தவறினது கேள்விப்பட்டேன், சார். நானே வரணும்னு இருந்தேன். மனசு ஏத்துக்காதுதான். போனவங்க எங்கயோ இருக்காங்கன்னு தோணும். இங்க வாரத்துக்கு ஒருத்தர் வர்றாங்க, கடற்பசுவப் பாத்தேன், கழுகுத் திருக்கையப் பாத்தேன்னு. நாங்க யாரையும் திட்டறதில்ல.”

“முக்குளியக் கேளுங்க. வருசக்கணக்காப் பாத்திருக்கு.”

“கேட்டோமே. இப்பவும் பாக்கறேன்னு சொல்லிச்சு. கண்ணாடி மாத்த அனுப்பியிருக்கோம்.”

அவன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். உமையாள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“சரி, ஒரு பேச்சுக்கு நீங்க சொல்றதே நெசம்னு வைங்க. இது நெசமான வேளா. அப்ப வேளா அழியல. மறைவு ரத்து, வேலி ரத்து. நாளைக்கே சுரண்டி வந்துரும். இது மூணையும் எங்க கொண்டுபோய் விடுவீங்க?”

இன்னாசி மறுபடி கண்ணாடியில் கை வைத்தான்.

“இந்தத் தொட்டியிலயே இருக்கட்டும்,” என்றான் கடைசியில். “குட்டி போடற வரைக்குமாவது.”

“கள்ளப்பிரதிய வச்சிருந்தா எனக்குத்தான் சார் கேஸ். ஊசிதான், வலிக்காது.” உமையாள் எழுந்து அவன் தோளைத் தொட்டார். “நீங்க கொஞ்ச நாள் லீவு போட்டுட்டு எங்கயாவது போய்ட்டு வாங்க.”

ஊசி போட்டார்கள். பெரியதன் வயிற்றில் ஐந்து குட்டிகள் இருந்தன. இன்னாசி அதைத் துறையின் செய்திக் குறிப்பில் படித்தான். போலிகளைக்கூடச் சினையாக்கும் அளவுக்குக் கள்ளச் சந்தை வளர்ந்துவிட்டது என்று குறிப்பு எச்சரித்தது. அவன் லீவு போடவில்லை. தினமும் படகுப் பேருந்தில் வந்தான். நத்தைகளையும் புழுக்களையும் அந்தந்த நிலையில் வைத்தான். அருமைநாயகம் ஒருநாள் அவன் மேசைக்கு வந்து நின்றார். பிறகு மேசைமேல் சொட்டிய தண்ணீரைத் துண்டால் துடைத்துவிட்டுப் போனார்.

மீட்டுயிர்த்த வேளாக்களைக் கடலில் விடும் விழா ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கச்சான் இன்னும் தொடங்கவில்லை. கடல் சாந்தமாக இருந்தது. பேண்டு வாத்தியம் வந்தது. மேடைக் கப்பலில் அமைச்சர் இருந்தார். நாற்பது குஞ்சுகள் ஒரு கண்ணாடிச் சரிவில் வரிசையாகக் கிடந்தன. கொம்பு பிள்ளைகளைக் குத்திவிடக்கூடாது என்று பற்களை மழுக்கி வடிவமைத்திருந்தார்கள். வேளா அந்தக் கொம்பால்தான் இரை பிடிக்கும். அதை யாரிடம் சொல்வது என்று இன்னாசிக்குத் தெரியவில்லை. மதிப்பீட்டாளன் என்ற முறையில் அவனுக்கும் ஓர் இருக்கை கொடுத்திருந்தார்கள். பின்வரிசையில்.

அமைச்சர் பொத்தானை அழுத்தினார். குஞ்சுகள் வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போயின. கூட்டம் ஆர்ப்பரித்தது. சிலர் அழுதார்கள். அந்தக் கணத்தில் வேளாவின் நிலை தானாக மாறியது. மறைவிலிருந்து விளிம்புக்கு. இன்னாசியின் செவிச்சில்லில் ஒரு மணியோசை கேட்டது. இனிமேல் வேளா மீட்டுயிர்ப்புத் துறையின் பொறுப்பு இல்லை, வாரியத்தின் பொறுப்பு என்பதற்கான மணி அது.

சிறிது நேரத்தில் முக்குளி பேசியது. அதற்குப் புதுக் கண்ணாடி போட்டிருந்தார்கள்.

“அண்ணாச்சி, மஞ்ச மிதவையக் கழட்டுறானுவ.”

“யாரு?”

“வேலி போட்டவனுவதான். அழிஞ்சதுக்குப் போட்ட வேலியாம். இப்பதான் உயிரோட வந்துட்டுல்லா, இனி தேவையில்லயாம்.”

இன்னாசி எழுந்தான். “சுரண்டி எங்க?”

“திரும்பிட்டு. வெளிச்சம் தெரியுது.”

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனான். உமையாளின் கழுத்தில் மாலை இருந்தது. யாரோ அவருக்கு இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் மலர்ந்து சிரித்தார்.

“மேடம், வேலிய எடுக்கிறாங்க. சுரண்டி வருது. இன்னிக்கு ராத்திரிக்குள்ள பள்ளத்துக்கு வந்துரும்.”

“ஆமா சார், விட்டாச்சே. இனிமே இருக்கற இனம்தானே. உங்க பக்கம் வந்துருச்சு.”

“எங்க பக்கம் ஒண்ணுமே இல்ல மேடம். பெயின்ட்கூட இல்ல. ஒரு குஞ்சுகூட மிஞ்சாது.”

மேடையில் அமைச்சர் மறுபடி பேசத் தொடங்கியிருந்தார். உமையாள் இளநீரைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளாலும் இன்னாசியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் குரலில் உண்மையான பரிவு இருந்தது.

“இதுக்கெல்லாம் மனச விட்டுடாதீங்க, சார். மரபணு மாதிரி எங்ககிட்ட பத்திரமா இருக்கு. அழியட்டும், நாங்க பாத்துக்கறோம்.”